இன்னுமா இதை வச்சிருக்கீங்க?

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலோ கடையிலோ இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற ரொம்பப் பழைய கம்ப்யூட்டருக்கு என்ன வயசு?

பதில் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு லேசாக ஒரு வெட்கம் வந்திருக்கும். ‘அதெல்லாம் சும்மா கிடக்குது சார், பசங்க பாட்டுக் கேட்க’ என்று மழுப்பத் தோன்றும். தாத்தா காலத்துத் தேக்கு பீரோவை வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுகிற நாம், பத்து வருஷக் கம்ப்யூட்டரை மட்டும் துணி போட்டு மூடி வைக்கிறோம். இந்த வாரம் அந்த வெட்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது நம்மோடு பிறந்தது கிடையாது. நம்மிடம் நல்ல விலைக்கு விற்கப்பட்டது.

திருத்துறைப்பூண்டியில் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்கப் போயிருந்தேன். சின்ன டி.டி.பி. கடை. உள்ளே நுழைந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டெல்டாவில் ஐப்பசி மழை பிடித்தால் எப்போது விடும் என்று முள்ளியாற்றைக் கேட்டால்தான் தெரியும். கடைக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் ஒதுங்கியிருந்தார்கள்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். இரண்டு புதுசு. மூன்றாவது மூலையில். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பழுத்த வாழையிலை நிறத்துக்கு வந்துவிட்ட பெட்டி. பின்பக்கம் ஒரு முழம் நீண்ட மானிட்டர். ஃப்ளாப்பி போடுகிற வாய். விண்டோஸ் 98. கடைக்காரர் எங்கள் பத்திரிகையை அதில்தான் திறந்தார்.

எல்லோரும் கேட்கிற அசட்டுக் கேள்வியை நானும் கேட்டேன். “இன்னுமா இதை வச்சிருக்கீங்க?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சார், ஒங்க சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகைய 2001-ல இதே மெஷின்லதான் அடிச்சேன். இப்ப அவரு பொண்ணு கல்யாணத்துக்கும் இதேதான். மாப்பிள்ளையா இருந்தவரு மாமனாராயிட்டாரு. இது அப்படியே இருக்கு.”

அப்புறம் அவராகவே சொல்ல ஆரம்பித்தார். படம் வராமல் ‘பீப்... பீப்’ என்று கத்தினால் ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் திரும்பச் சொருகுவாராம். சரியாகிவிடுமாம். தேதி தப்பாகக் காட்டினால் உள்ளே இருக்கும் பட்டன் செல்லை மாற்றுவார். கரன்ட் கொடுக்கிற பெட்டியை இதுவரை நாலு முறை மாற்றியிருக்கிறார். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, ராத்திரியே கடைக்கு வந்து, நெல்மூட்டை மூடுகிற தார்ப்பாயில் இதைச் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம். “வீட்டு ஓடு பறந்துருச்சு சார். இது நனையல.”

ஒதுங்கியிருந்தவர்களில் ஒருவர் அரிசி மில் கணக்குப்பிள்ளை. அவருக்குப் பொறுக்கவில்லை. “இது என்னா பெரிசு, எங்க மில்லுல வந்து பாருங்க” என்று ஆரம்பித்தார். அவர்கள் மில்லில் எடை மேடையோடு இணைத்த கம்ப்யூட்டர் இன்னும் கறுப்புத் திரைதான். 90-களில் உள்ளூர்ப் பையன் ஒருவன் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த புரோகிராம். லாரி ஏறி நின்றால் எடை நேராகத் திரையில் வந்து உட்காரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ‘கிர்ர்ர்’ என்று கார்பன் வைத்து மூன்று காப்பி அடிக்கும். லாரிக்காரருக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று, வியாபாரிக்கு ஒன்று. “புது மெஷின் வாங்கிப் பார்த்தோம் சார். எடை மேடை ஒயரைச் சொருக அதுல ஓட்டையே இல்ல. அதுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினோம். அது ஒருநாளைக்கு எடை காட்டும், ஒருநாளைக்கு காட்டாது. அறுவடை நேரத்துல நாப்பது லாரி நிக்கிறப்ப வெளையாட முடியுமா?”

மூன்றாவது ஆள் ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். “என்கிட்ட 2013-ல பிளஸ் டூ படிக்கிறப்ப கவர்மென்ட்ல கொடுத்த லேப்டாப் இருக்கு சார். அதுலதான் காலேஜ் முடிச்சேன். இப்ப டியூஷன் எடுக்குறேன், பசங்களுக்குக் கேள்வித்தாள் டைப் பண்றது அதுலதான். பேட்டரி செத்துருச்சு. கரன்ட் போனா அதுவும் போயிரும், வந்தா பொழச்சுக்கும்” என்றார் சிரித்துக்கொண்டே. விண்டோஸ் திணறியதும் சித்தப்பா பையன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தானாம். அதிலிருந்து ஓடுகிறதாம்.

மழை விட ஒன்றரை மணி நேரம் ஆனது. மூவருக்கும் பேச்சு தீரவில்லை. தான் வளர்த்த மாட்டைப் பற்றிப் பேசுகிற பிரியம் அந்தப் பேச்சில் இருந்தது. கடைக்காரர் கீபோர்டைக் காட்டினார். டி.வி.எஸ். கோல்டு. தட்டினால் தட்டெழுத்துப் பயிற்சி நிலைய ஞாபகம் வரும் சத்தம். எழுத்துகள் அழிந்து மொட்டையாகிவிட்டன. ஆனால் ஒரு கட்டைகூட மாட்டிக்கொள்ளாது. “வெரலுக்குத் தெரியும் சார், கண்ணுக்கு எதுக்கு?”

* * *

இதையே ஒரு வெள்ளைக்காரர் செய்தால் செய்தியாகிவிடும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் கான்ரோ என்ற ஊரில் ஃபில்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனி, ஓட்டை போட்ட அட்டைகளைத் தின்று கணக்குப் போடும் ஐ.பி.எம். 402 இயந்திரத்தை 2010-களிலும் உபயோகித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் என்று சொல்லவே முடியாத, அதற்கும் முந்தின தலைமுறை இயந்திரம் அது. மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரேப்பிட்ஸ் ஊரின் 19 பள்ளிக்கூடங்களுக்கு வெப்பமும் குளிரும் கொடுத்துக்கொண்டிருந்தது, 1980-களில் வாங்கிய ஒற்றை அமீகா கம்ப்யூட்டர் என்று 2015-ல் செய்தி வந்தது. போலந்தின் க்டான்ஸ்க் நகரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வண்டி ஷாஃப்டைச் சமன் செய்ய கொமடோர் 64 இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் தலையணை சைஸ் நாவல்களை டாஸ் மெஷினில் வேர்ட்ஸ்டார் 4.0-ல்தான் எழுதுவதாக 2014-ல் டி.வி. பேட்டியில் சொன்னார். உலகமே கைதட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலே, நிஜமாகவே மேலே, வாயேஜர் விண்கலம். 1977-ல் கிளம்பியது. 2023 நவம்பரில் வாயேஜர்-1 திடீரென்று உளற ஆரம்பித்தது. நாசா என்ஜினீயர்கள் ‘பழசாயிடுச்சு, விட்டுத் தள்ளு’ என்று சொல்லவில்லை. கெட்டுப்போன ஒரு சிப்பைக் கண்டுபிடித்து, அதில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக வேறு இடத்துக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் பிழைக்க வைத்தார்கள். சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்து! ரப்பர் வைத்து ரேமைத் தேய்க்கும் நம்ம ஊர்க்காரருக்கும் அவர்களுக்கும் தூரத்தில்தான் வித்தியாசம். மனசு ஒன்றுதான்.

அங்கே செய்தால் ‘வின்டேஜ்’. இங்கே செய்தால் ‘பட்டிக்காடு’. இது என்ன நியாயம்?

* * *

சரி, ‘பழசு நல்லாத்தானே ஓடுது, யார் உங்களை மாத்தச் சொன்னது?’ என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டர் தானாகச் சாவது குறைவு. தேதி குறித்துத்தான் அதைச் சாகடிக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடியது. ‘விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். மாறலாம். ஆனால் உங்கள் மெஷினில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். பிராசஸர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால், சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாவது தலைமுறைக்குக் குறையக் கூடாது. அது சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். 2016-ல் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய, இன்றைக்கும் ஜம்மென்று ஓடுகிற கம்ப்யூட்டருக்கு இடம் கிடையாது. விண்டோஸ் 10 முடிவுக்கு வருவதால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணக்குச் சொன்னது.

‘காசு கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருகிறோம்’ என்றார்கள். 30 டாலர். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் செட்டிங்கையெல்லாம் அவர்களிடம் சேமித்து வைத்தால் இலவசம். அதாவது பணத்தைக் கொடு, இல்லையென்றால் உன் விவரத்தைக் கொடு. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அங்கே மட்டும் அந்த நிபந்தனையைத் தளர்த்தி ஒரு வருஷத்தை இலவசமாக்கினார்கள். நாம் சண்டை போடவில்லை. நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘பழைய சாஃப்ட்வேருக்கு அப்டேட் கொடுப்பது தொழில்நுட்ப ரீதியாகக் கஷ்டம்’ என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஞாபகம் இருக்கிறதா? அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியது. பிரிட்டனின் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. உடனே அதே மைக்ரோசாஃப்ட், மூன்று வருஷம் முன்னால் செத்ததாக அறிவித்த எக்ஸ்பிக்கு அப்டேட் கொடுத்தது. முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மனசு வைத்தால் முடியும். மனசு வைக்க யாராவது பிடரியில் தட்ட வேண்டும்.

ஒரு கம்பெனியை மட்டும் சொல்வது நியாயமில்லை. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைச் சாஃப்ட்வேர் மூலம் தாங்களே குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் காப்பாற்றத்தான் செய்தோம் என்றார்கள். வாங்கியவர்களிடம் சொல்லாமல் செய்ததுதான் குற்றம். அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கில் 2020-ல் 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்தது. எத்தனை பேர் ‘போன் பழசாயிடுச்சு’ என்று அந்த இடைவெளியில் புதுசு வாங்கினார்களோ!

டெல்டாக்காரர்களே, ‘எனக்கு எதுக்கு கம்ப்யூட்டர், நான் வயல்காரன்’ என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் நின்றுபோனால், பல கோளாறுகளை விவசாயி தானே சரிசெய்ய முடிவதில்லை. சாஃப்ட்வேர் சாவி டீலரிடம் இருக்கிறது. அறுவடையை நிறுத்திவிட்டு டீலருக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தப் பஞ்சாயத்து முற்றி, 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. நாளைக்கு நம் வயலில் இறங்குகிற அறுவடை மெஷினுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்தான் உட்கார்ந்திருக்கும். அதன் சாவி யாரிடம் இருக்கும்?

* * *

திருத்துறைப்பூண்டியில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது இன்னொன்று ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம். 2006-ல் இருந்து நெல் திருவிழா நடக்கிற இடம். நம்மாழ்வாரின் சீடர் நெல் ஜெயராமன் 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப் பிடித்துப் பரப்பியது இங்கிருந்துதான். 2018 டிசம்பர் 6 அன்று அவர் காலமானார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்று இன்றைக்கு நகரத்துக் கடைகளில் கிலோ இவ்வளவு என்று அட்டை மாட்டி விற்கிறார்களே, அதெல்லாம் ஒரு காலத்தில் ‘இன்னுமா இதை வச்சிருக்கீங்க?’ என்று கேலி செய்யப்பட்ட நெல். திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கையில் இருப்பதைக் காப்பாற்று, அடுத்தவனுக்கும் கொடு. அவ்வளவுதான் தத்துவம்.

விதை விஷயத்தில் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும், அறுவடையில் இருந்து விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, பக்கத்து வயல்காரரிடம் மாற்றிக்கொள்ள, பிராண்ட் பெயர் போடாமல் விற்கக்கூட விவசாயிக்கு உரிமை உண்டு. 2019-ல் பெப்சிகோ நிறுவனம் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக குஜராத் விவசாயிகள் மீது கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. நாடே கொந்தளித்தது. அடுத்த மாதமே வாபஸ்.

இப்போது சொல்லுங்கள். விதை விற்றவன் ‘இந்த வருஷத்தோடு இது முளைக்கக் கூடாது’ என்று சொன்னால் அடிக்கப் போகிற நாம், கம்ப்யூட்டர் விற்றவன் ‘இந்தத் தேதியோடு இது ஓடக் கூடாது’ என்று சொன்னால் மட்டும் ஏன் பர்ஸை எடுக்கிறோம்?

* * *

எதிர்க்கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நேர்மையான எதிர்க்கேள்விகள்தான்.

பழைய மெஷினை இன்டர்நெட்டில் இணைத்தால் ஆபத்து இல்லையா? ஆபத்துதான். சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் 98-ல் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டுகிறவரை யாரும் காப்பாற்ற முடியாது. டி.டி.பி. கடைக்காரருக்கே இது தெரிந்திருக்கிறது. அந்த மூலை மெஷினில் அவர் இன்டர்நெட் கொடுக்கவே இல்லை. பேங்க் வேலை, ஆன்லைன் வேலை எல்லாம் புது மெஷினில். ஆனால் பத்து வருஷக் கம்ப்யூட்டர் ஆபத்தாக மாறுவது அதன் வயசால் இல்லை. பூட்டுப் போட வேண்டியவன் பூட்டுப் போட மறுப்பதால்.

கரன்ட் அதிகம் இழுக்காதா? அந்தக் காலத்துப் பெரிய மானிட்டர் இழுக்கும். அதை மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு லேப்டாப் தன் ஆயுளில் பூமிக்குச் செய்கிற கெடுதலில் பெரும்பகுதி அது தயாராகும்போதே நடந்துவிடுகிறது. சுரங்கம், உருக்காலை, கப்பல் எல்லாம் முடிந்துதான் அது உங்கள் மேஜைக்கு வருகிறது. இன்னும் நாலு வருஷம் ஓட்டினால் அந்தச் செலவு நாலு வருஷத்துக்குப் பிரிகிறது. உலகம் 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் எலெக்ட்ரானிக் குப்பையைக் கொட்டியதாக ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம்தான். மீதி? நம் ஊர்களில் ஒயரை எரித்துத் தாமிரம் எடுப்பவர்களின் நுரையீரலுக்குள் போகிறது.

மூன்றாவது கேள்விதான் என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. கடைக்காரர் அந்த மெஷினை முழுக்க ஆசையால் வைத்திருக்கிறாரா? இல்லை. அதை அவரே சொன்னார்.

“தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேர் வாங்கினப்ப ஒரு பூட்டு கொடுத்தாங்க சார். பிரிண்டர் ஒயர் மாட்டுற எடத்துல சொருகணும். அது இருந்தாத்தான் எழுத்து வரும். புது மெஷின்ல அந்த எடமே இல்ல.” இருபத்து நாலு வருஷமாக அவர் அடித்த பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, கோயில் கும்பாபிஷேக அழைப்பு, தேர்தல் துண்டுப் பிரசுரம் எல்லாம் அந்தப் பழைய எழுத்துமுறையில், பேஜ்மேக்கர் ஃபைலாகக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாறவில்லை. புது மெஷினில் திறந்தால் தமிழுக்குப் பதில் ‘பூச்சி பூச்சியா’ வருகிறதாம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரில் இருபத்து நாலு வருஷத்தில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் செத்தார்கள், எந்தக் கோயிலுக்கு யார் தலைமையில் கும்பாபிஷேகம் நடந்தது என்ற கணக்கு வேறு எங்கே இருக்கிறது? எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அந்தப் பழுத்த பெட்டிக்குள், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அது நின்றால் திருத்துறைப்பூண்டியின் ஞாபகத்தில் ஒரு துண்டு நின்றுவிடும். இது ஆசை பாதி, சிறை பாதி. அந்தச் சிறையைக் கட்டியவரும் அதே ஆள்தான். ‘என் பூட்டு இல்லாமல் உன் எழுத்து உனக்கே வராது’ என்று சொல்லி விற்றவர்.

அதனால் டி.டி.பி. கடை வைத்திருக்கிற நண்பர்களே, மெஷின் ஓடும்போதே ஃபைல்களை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். முக்கியமானதையாவது பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றித் தருகிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மெஷினைக் காப்பாற்றுவது உங்கள் உரிமை. அதற்குள் இருப்பதைக் காப்பாற்றுவது உங்கள் கடமை.

* * *

அரசாங்கம் என்ன செய்யலாம்? ‘இதெல்லாம் உலகக் கம்பெனிகள், நாம் சொன்னால் கேட்பார்களா?’ என்று தலையைச் சொறிய வேண்டாம். தமிழ்நாட்டு அரசு சாதாரண வாடிக்கையாளர் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிக்கப்பட்டது. இவ்வளவு மொத்தமாக வாங்குகிறவன் சொன்னால் எந்தக் கம்பெனி கேட்காது?

அதுவும் திருவாரூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. 1999 முதல் 2001 வரை இங்கே கலெக்டராக இருந்த உமாசங்கர், அலுவலகங்களில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, மின் ஆளுமைக்கு முன்மாதிரி மாவட்டம் என்று பேச வைத்தார். பின்னால் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அவரேதான் அரசு கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸைப் போட்டார். ‘இதைத்தான் போடுவேன்’ என்று கம்பெனிகள் சொல்லும்போது, ‘அப்படியா, எனக்கு வேறு வழி இருக்கிறது’ என்று ஒரு அரசு நிறுவனம் சொல்ல முடியும் என்று காட்டியவர். வழி தெரியாது என்று நாம் சொல்ல முடியாது.

மத்திய அரசு 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கென ஒரு இணையதளம் திறந்தது. 2025-ல் ஒரு குழு, பொருளுக்குப் பொருள் பழுதுபார்ப்பு மதிப்பெண் கொடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. எல்லாம் சரி. குழு போட்டால் ரேம் வேலை செய்யுமா? பிரான்ஸில் 2021-ல் இருந்து லேப்டாப்பின் விலை அட்டை பக்கத்திலேயே ‘இதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம்’ என்று பத்துக்கு இத்தனை மார்க் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-ல் இருந்து, புதுசாகச் சந்தைக்கு வருகிற ஸ்மார்ட் போன்களுக்கு, விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு வருஷம் உதிரிப் பாகம் கொடுக்க வேண்டும். வெறும் யோசனை இல்லை, சட்டம்.

என் கோரிக்கைகள் நாலே நாலு.

ஒன்று: பிஸ்கட் பாக்கெட்டில் எக்ஸ்பைரி டேட் போடுகிறான் அல்லவா? கம்ப்யூட்டர் டப்பாவிலும் போடட்டும். ‘இந்த மெஷினுக்கு இந்த வருஷம்வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம்’ என்று, பெரிய எழுத்தில், தமிழில். அப்புறம் விலையைப் பார்த்து நாம் முடிவு செய்துகொள்கிறோம்.

இரண்டு: அரசு வாங்குகிற ஒவ்வொரு லேப்டாப்புக்கும் பேட்டரி, சார்ஜர், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் பத்து வருஷம் நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். ஒரு பேட்டரி கிடைக்காததால் அந்த டியூஷன் டீச்சர் கரன்ட்டோடு செத்துப் பிழைக்கக் கூடாது.

மூன்று: அப்டேட்டை நிறுத்துகிற கம்பெனி பூட்டையும் திறந்துவிட வேண்டும். நீ பார்த்துக்கொள்ள மாட்டாய் என்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாவியைக் கொடு.

நாலு: ரப்பரை வைத்து ரேமைத் தேய்க்கத் தெரிந்தவர்களை மதியுங்கள். ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பைச் சோறு போடும் தொழிலாகச் சொல்லிக் கொடுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை யாராவது உங்கள் மேஜையைப் பார்த்து “இன்னுமா இதை வச்சிருக்கீங்க?” என்று கேட்டால் வெட்கப்படாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்.

“ஏன் சார், உங்களுது அதுக்குள்ள போயிருச்சா?”